கீரனூருக்குப் போன அயிரை

எங்கள் தெருவில் வெளிநாடு போய் வந்தவர்களுக்குக் குறைவில்லை. துபாய் போனவர், அங்கே ரோட்டில் துப்பினால் அபராதம் என்பார். சிங்கப்பூர் போனவர், அங்கே ரோட்டிலேயே இலை போட்டுச் சாப்பிடலாம் என்பார். இத்தனை காலம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. சித்தையன்கோட்டையிலிருந்து கீரனூர் போய் வந்தேன்.

சிரிக்காதீர்கள். பாஸ்போர்ட் கேட்கவில்லை, அவ்வளவுதான். மற்றபடி சோறு வேறு, பேச்சு வேறு, சாமியும் கொஞ்சம் வேறு. பழனியைத் தாண்டினால் எனக்கு வெளிநாடுதான்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். அவளுக்குக் கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருப்பதால் எழுந்து ஓட முடியாது. அவள் மகள் செல்வி, என் பேத்தி, கீரனூரில் வாக்கப்பட்டவள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது கீரனூர்ப் பையனைப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டாள். இப்போது பிள்ளையாண்டிருக்கிறாள். தின்பதெல்லாம் வாந்தி. போனில் அழுதாள்.

"அம்மா, எதைப் பாத்தாலும் குமட்டுது. நம்மூரு அயிரைக் கொழம்பு இருந்தா மட்டும் ஒரு வாய் சோறு உள்ள போகும்போல இருக்கு."

பெற்றவள் கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சும்மாதானப்பா இருக்கீக" என்றாள். அப்படித்தான் என் பயணம் கிளம்பியது.

பங்குனி வெயிலில் எங்கள் பக்கத்து வாய்க்கால்களில் காக்கை நனையத் தண்ணீர் இல்லை. அயிரைக்கு எங்கே போவது? முதல் நாள் திண்டுக்கல்லுக்குப் போனேன். மீன் மார்க்கெட்டில் ஒரு மூலையில் ஆரோக்கியமேரி என்ற பெண் அலுமினியச் சட்டியில் அயிரையை உயிரோடு வைத்திருந்தாள்.

"துள்ளுதா தாயி?"

"எங்க வீட்டுக்காரரைவிட நல்லாவே துள்ளுது தாத்தா. எங்க கொண்டுபோகப் போறீக?"

"கீரனூருக்கு. பேத்திக்கு மசக்கை."

அவள் தராசை அப்படியே நிறுத்தினாள். "பழனிக்கு அங்கிட்டா? இது பங்குனி மாசம் தாத்தா. பாதிச் சனம் காவடிக்கு மாலை போட்டிருக்கும். அடுப்புல மீன் ஏற விடுவாகளா?"

"மசக்கைக்காரிக்கு என்ன விரதம்?"

"அதை எங்கிட்டச் சொல்லாதீக, மாமியாக்காரிகிட்டச் சொல்லுங்க. எங்களுக்குந்தான் தவக்காலம் நடக்குது. கறி ஆகாது, மீன் ஆகும். எங்க சாமிக்கு மீன்மேல கோவமே கெடையாது."

எனக்கு அந்தச் சாமியை உடனே பிடித்துப்போயிற்று.

பாலிதீன் பையில் போட்டுத் தருகிறேன் என்றாள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கையோடு சின்னப் பித்தளைக் குடம் ஒன்று கொண்டுபோயிருந்தேன். அடியில் ஒரு கை ஆற்று மணலைப் போடச் சொன்னாள். மணல் இல்லாவிட்டால் அயிரை பயந்தே செத்துவிடும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அயிரை விரல் நீளம்தான் இருக்கும். வாயோரம் மீசை. மனுஷ நிழல் பட்டால் போதும், மணலுக்குள் புகுந்துகொள்ளும். அப்புறம் பார்த்தால் வெறும் தண்ணீரும் மணலும்தான். மூச்சு முட்டும்போது மட்டும் மேலே வந்து 'ப்ளக்' என்று ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு மறுபடி மறைந்துவிடும். ஓட்டு வாங்கிப் போன சிலரும் இப்படித்தான். மூச்சு முட்டினால்தான் தெருவில் தலை தெரியும்.

மேலே இறுக்கி மூடினால் காற்றுப் போகாதே என்று, வீட்டில் கிடந்த கல்யாண வீட்டு மஞ்சப்பையைக் கிழித்துக் குடத்தின் வாயில் கட்டினேன். ஏதோ கைக்குக் கிடைத்த துணி. அது என்ன பாடு படுத்தும் என்று அப்போது தெரியாது.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். முதல் பஸ்ஸில் எல்லாம் நம்ம சனம். கண்டக்டர் குடத்தை முகர்ந்து பார்த்தார்.

"என்ன பெருசு, உள்ள ஆளா?"

"அயிரை அப்பு."

"உசுரோடயா? அப்ப டிக்கெட் எடுக்கணுமே. அஞ்சு வயசுக்கு மேலயா, கீழயா?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. பின் சீட்டிலிருந்து ஒருவர், "சீட்டுல ஒக்கார வைங்கப்பா, பாவம், காலு வலிக்கும்" என்றார். இன்னொருத்தி எட்டிப் பார்த்து, புளி கரைக்கும்போது எவ்வளவு கரைக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தாள். அவளுக்கும் பக்கத்துச் சீட்டுக்காரிக்கும் தக்காளி சேர்க்கலாமா கூடாதா என்பதில் சண்டை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து டிரைவர் பிரேக் போட்டார். ஒரு கையளவு தண்ணீர் முன்னால் நின்றவரின் வெள்ளை வேட்டியில் போய் விழுந்தது.

"யோவ் பெருசு! கல்யாணத்துக்குப் போய்க்கிட்டிருக்கேன்யா!"

"பன்னீர்னு சொல்லிருங்க அப்பு."

"மோந்து பாத்தா என்னய்யா சொல்றது?"

"மாப்ள வீட்டுப் பன்னீருன்னு சொல்லுங்க."

அவரே சிரித்துவிட்டார்.

பழனியில் இறங்கினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. குழாய்த் தண்ணீரை ஊற்ற எனக்கு மனமில்லை, மருந்து போட்டிருப்பார்கள். பூக்கட்டும் பெண் ஒருத்தி குடிக்க வைத்திருந்த கிணற்றுத் தண்ணீரை முகம் சுளிக்காமல் தந்தாள். நான் காசு நீட்டினேன். "தண்ணிக்குப் போயிக் காசு வாங்குவாங்களா?" என்று சொல்லி, கை வேலையை விடாமல், ஒரு முழம் கதம்பத்தை நறுக்கிக் குடத்தின் கழுத்தில் சுற்றிவிட்டாள். எதற்கு என்று கேட்கவில்லை. நல்ல பெண், கை ஓயாத பெண் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டேன். வடையில் எங்கள் ஊர்க் காரம் இல்லை. வெளிநாடு தொடங்கிவிட்டது.

இரண்டாவது பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. ஓர் அம்மா சட்டென்று எழுந்தார்.

"ஏனுங்கய்யா, தீர்த்தத்தோட நிக்கறீங்களே. உக்காருங்க, உக்காருங்க."

இங்கே தண்ணீரைத் தீர்த்தம் என்பார்கள்போல, எவ்வளவு மரியாதை என்று நினைத்து, "ஆமா தாயி, தண்ணிதான்" என்று உட்கார்ந்தேன். அந்த அம்மா குடத்தைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். அப்புறம் பக்கத்திலிருந்தவர். அப்புறம் அதற்குப் பின்னால் இருந்தவர். கண்டக்டர் வந்து, குடத்துக்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார். அவ்வளவுதான், பஸ்ஸே எழுந்து நின்றுவிட்டது.

"மலைத் தீர்த்தத்துக்கு லக்கேஜ் கேக்கறீங்களே, உங்களுக்கே நல்லாருக்குதுங்களா?"

கண்டக்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மஞ்சள் துணி, பித்தளைக் குடம், கழுத்தில் பூ, சோம்பலில் சிரைக்காமல் விட்ட தாடி. மலைக்குப் போய் அபிஷேகத் தீர்த்தம் வாங்கி வரும் பெரியவர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். காலையில் 'என்ன பெருசு' என்று கேலி வாங்கிய அதே குடம், மத்தியானம் கும்பிடு வாங்குகிறது. நடுவில் மாறியது ஊரும் ஒரு முழம் பூவும்தான். உண்மையைச் சொல்லலாம் என்றால், கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களின் முகத்தை எப்படிப் பார்ப்பது? குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, முருகா, கீரனூர் வரும்வரை இதுகள் 'ப்ளக்' என்று சொல்லாமல் பார்த்துக்கொள் என்று வேண்டினேன்.

செல்வியின் வீடு தென்னந்தோப்பை ஒட்டி இருந்தது. மாமியார் ருக்மணி வாசல் கூட்டிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் உள்ளே ஓடினார். கோபமோ என்று பயந்தேன். செம்பு நிறைய மஞ்சள் தண்ணீரோடு திரும்பி வந்து என் காலில் ஊற்றினார். காவடிக்காரர்களுக்கு இந்தப் பக்கம் அப்படிச் செய்வார்கள்.

"எங்க வீட்டு ஆம்பளைங்க ரெண்டு பேருமே பழனிக்குக் கொண்டுபோற தீர்த்தம் எடுக்கக் கொடுமுடிக்குக் காவடி கட்டிப் போயிருக்கறாங்க. நான் பழனித் தீர்த்தத்துக்கு ஏங்கிக் கெடந்தனுங்க. நீங்க பழனி வழியாவா வந்தீங்க?"

"பழனி வழியாத்தான் தாயி. ஆனா இந்தக் குடம் இருக்கே..."

என்னிடம் ஒரு குணம் உண்டு. எதையும் தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும். "இந்தக் குடம், எங்க மாமனாரு சாணார்பட்டிப் பக்கம் ஒரு பாத்திரக்காரங்கிட்ட வாங்குனது. அந்தப் பாத்திரக்காரனுக்கு ஒரு காலு கொஞ்சம் சாய்ச்சு..." என்று நான் மீனுக்கு வந்து சேர்வதற்குள், அந்த அம்மா குடத்தை வாங்கிப்போய்ச் சாமி அறையில் வேலுக்குப் பக்கத்தில் வைத்து, சூடமும் காட்டி முடித்துவிட்டார். நான் பாத்திரக்காரனின் காலோடு வாசலில் நின்றேன்.

செல்வி வெளியே வந்தாள். கன்னம் ஒட்டிப்போய், கண் உள்ளே போய், என் பேத்திதானா என்று இருந்தது. சாமி அறையை எட்டிப் பார்த்தாள். மஞ்சப்பையில் அச்சடித்திருந்த மாப்பிள்ளை பேரில் பாதியும், 'தங்கள் நல்வரவை' என்பதும் குடத்தின் வாயில் தெரிந்தன.

"தாத்தா, அதுல என்ன இருக்கு?" என்று காதோரம் கேட்டாள்.

"நீ கேட்டதுதான் தாயி."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து பின்பக்கம் ஓடினாள். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. வயிற்றில் எதுவும் இல்லாமல் எடுக்கிற வாந்தி.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசியும் பருப்பும் போட்டார் ருக்மணி. அரிசியையும் பருப்பையும் ஒன்றாகவே வேக வைத்து, தாளித்து, மேலே நெய்யை விடுகிறார்கள். எங்கள் ஊரில் சோறு சோறாக இருக்கும், பருப்பு பருப்பாக இருக்கும். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எங்கே என்று கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் நான் ஏன் காத்திருக்கிறேன் என்று காத்திருந்தார். கடைசியில் ஒரு வாய் வைத்தேன். வாயைத் திறந்து குறை சொல்ல முடியாதபடி நன்றாக இருந்தது. இதை எழுதாதே என்று என் மகளிடம் சொன்னேன், எழுதுகிறாள்.

செல்விக்கு மிளகு போட்டு ரசம், நார்த்தங்காய், பொரி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார் மாமியார். எதுவும் தங்கவில்லை. அவரே முதுகைத் தடவிவிட்டார், அவரே துடைத்தார்.

"இந்த வாரம் பூரா இப்படித்தானுங்க. குளுக்கோஸ் ஏத்தியாச்சு. இன்னும் எளைச்சா ஆஸ்பத்திரியில படுக்க வெக்கோணும்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க. என்ன கேட்டாலும் செஞ்சு தாரேன் கண்ணுங்கறன். இவ ஒண்ணுமே கேக்க மாட்டீங்கறா."

செல்வி என்னைப் பார்த்தாள். விரத வீட்டில் மீன் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நான் தொண்டையைச் செருமினேன்.

"தாயி, அந்தக் குடத்துத் தீர்த்தத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும்..."

சாமி அறையிலிருந்து சத்தம் வந்தது. 'ப்ளக்.'

ருக்மணி விரல் நுனியால் தரையைத் தட்டினார். "பாத்தீங்களா? கவுளி சொல்லுதுங்க. நல்ல சகுனம்."

மறுபடி 'ப்ளக்.' அவர் மறுபடி தட்டினார். அம்மா, தட்டி முடியாது, உள்ளே அரைக் கிலோ பல்லி இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை அவர் தலை முழுகி, ஈரக் கூந்தலோடு சாமி அறைக்குள் போனார். மருமகளுக்குத் தீர்த்தம் கொடுக்கப் போகிறாராம். நானும் செல்வியும் வாசற்படியில் நின்றோம். மஞ்சப்பையை அவிழ்த்தார். உள்ளே பார்த்தார்.

"ஏனுங்க, மணலோட கொண்டாந்திருக்கறீங்க?"

"அது வந்து தாயி..."

"இருக்கட்டுமுங்க, புண்ணிய மணலு." வேலின் அபிஷேகத்துக்கு வைத்திருந்த பாலில் ஒரு கரண்டி எடுத்துக் குடத்தில் விட்டார். எங்கள் ஊரில் அயிரையைக் குழம்பு வைப்பதற்கு முன்னால் பாலில்தான் விடுவார்கள். அது பாலைக் குடித்துவிட்டு வயிற்று மண்ணைக் கக்கிவிடும். அந்த அம்மா தெரியாமலே பாதிச் சமையலைச் செய்துவிட்டார்.

ஓர் அயிரை மேலே வந்தது. ஒரு வாய் காற்றை விழுங்கியது. அவரை ஒரு பார்வை பார்த்தது. போய்விட்டது.

ருக்மணி குடத்துக்குள் இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க பெரியவரே, தீர்த்தத்துக்கு மீசை இருக்குதுங்க."

இனிப் பாத்திரக்காரனிடமிருந்து தொடங்க நேரமில்லை. "அயிரை தாயி. புள்ள வாய் ருசிக்குக் கேட்டுச்சு. தப்புத்தான்" என்றேன். என் ஆயுளில் நான் சுருக்கமாகச் சொன்ன கதை அது ஒன்றுதான்.

செல்வி அழுதுகொண்டே, "தாத்தாவை ஒண்ணும் சொல்லாதீங்கத்தை, நான்தான் கேட்டேன்" என்றாள்.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல கண்ணு?"

"விரதமாச்சே அத்தை."

ருக்மணி குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, துவைக்கிற கல் மேல் வைத்தார். தூக்கி ஊற்றப் போகிறார் என்று நினைத்தேன். ஊற்றவில்லை. முந்தானையால் நெற்றியைத் துடைத்தார்.

"சூடம் காட்டியாச்சுங்களே. சாமி முன்னால ராத்திரி பூரா இருந்திருக்குது. இனி இதைக் கொன்னு சோத்துல போடறதுக்கு மனசு வருமுங்களா?"

"தாயி, எங்கூர்ல கருப்பசாமிக்கு மீனே படைப்போம். சாமிக்கு முன்னால வெச்சதுதான பெறகு நம்ம எலையில விழுகுது?"

"அது கருப்புங்க. இது பழனியாண்டிங்க. சும்மா உடுவானுங்களா?"

மூவரும் குடத்தைச் சுற்றிக் குத்தவைத்து உட்கார்ந்தோம். செல்வி குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டை மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது. எச்சில் விழுங்குகிறாள். நான் வந்ததிலிருந்து அவள் எதற்கும் எச்சில் விழுங்கவில்லை. மாமியார் அதைப் பார்த்துவிட்டார். நானும் பார்த்தேன்.

"செரி" என்றார் ருக்மணி. "ஒண்ணு செய்யலாம். மண்ணுக்குள்ள ஒளிஞ்சிருக்கறது சாமியோடது. அதைக் கொண்டுபோயி வாய்க்கால்ல உட்டுரலாம். தானா வெளிய வாரது புள்ளையோடது. அதைக் கரண்டியில எடுங்க. ஆனா ஒருத்தரும் குடத்துக்குள்ள கைய உடப்படாது. சாமி காரியம்."

சரியான பஞ்சாயத்து. காத்திருந்தோம். எங்கள் மூன்று பேர் நிழலும் குடத்தில் விழுந்ததோ என்னவோ, ஓர் அயிரைகூடத் தலை காட்டவில்லை. நிழலை விலக்கி உட்கார்ந்தோம். ஒன்று வந்தது. கரண்டி போவதற்குள் போய்விட்டது. இன்னொன்றைப் பிடித்தேன். வெயில் ஏறியது. சட்டியில் இரண்டே இரண்டு அயிரை ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு கிடந்தன. இரண்டு அயிரையில் குழம்பு வைத்தால் அதற்குப் பேர் புளித்தண்ணீர்.

"போதும் தாத்தா, எனக்கு வேண்டாம்" என்றாள் செல்வி. எழுந்திருக்கப் போனவளுக்குத் தலை சுற்றி, கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

ருக்மணி அவளைப் பிடித்து உட்கார வைத்தார். அப்புறம் என் கையிலிருந்து கரண்டியை வாங்கினார்.

"காலையில பால் ஊத்துனனில்லீங்க" என்றார், எங்கேயோ தென்னையைப் பார்த்துக்கொண்டு. "அது அடியில போயித் தங்கிருக்கும். கெட்டுப்போயிருமுங்க. செத்தக் கலக்கி உட்டாத்தானே செரி?"

கரண்டியைக் குடத்தின் அடிவரை விட்டார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. தயிர் கடைவதுபோல மூன்றாவது சுற்று. மணல் புகைந்தது. கூட்டத்தில் பாம்பு புகுந்த மாதிரி அத்தனை அயிரையும் மேலே வந்தன.

"அடேங்கப்பா, தானா வருதுங்க பாருங்க" என்றார் ருக்மணி. "எடுங்க, எடுங்க, வெரசா."

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டினேன். பழைய மண்சட்டி, புளி, சின்ன வெங்காயம், தேங்காய் எல்லாவற்றையும் எட்ட நின்று நீட்டினார். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டே, "புளி பத்துமுங்களா? மொளகாய் காரமில்லீங்க, இன்னொண்ணு போடுங்க" என்று குழம்பை அவர்தான் நடத்தினார். கல் உப்பைப் போட்டு அயிரையைத் தேய்த்துக் கழுவியதும், கொதிக்கையில் விட்டதும்தான் நான்.

செல்வி அங்கேயே கொட்டகையோரம் உட்கார்ந்து சாப்பிட்டாள். முதல் வாய் விழுங்கியதும், அவள் ஓடுவதற்கு வழிவிட்டு நாங்கள் இருவரும் ஒதுங்கி நின்றோம். அவள் ஓடவில்லை. இரண்டாவது வாய். மூன்றாவது. தட்டை வழித்துவிட்டு, "அத்தை, இன்னும் கொஞ்சம் சோறு" என்றாள். ருக்மணி உள்ளே ஓடின வேகத்தில் விரதக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாப்பிட்டு முடித்தவள் அந்தக் கயிற்றுக் கட்டிலிலேயே சுருண்டு தூங்கிப்போனாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். எதுவும் வெளியே வரவில்லை.

பிறகு நாங்கள் இருவரும் குடத்தை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் பின்னால் வாய்க்காலுக்குப் போனோம். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. ருக்மணி கும்பிட்டுவிட்டுக் குடத்தைச் சாய்த்தார். மணல் சரிந்தது. சாமியின் பங்காக ஒரே ஒரு அயிரை, வாலை ஆட்டிவிட்டு ஒரு கல்லுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "சாமிக்கு ஒண்ணுதான் மிஞ்சியிருக்கு தாயி. கோவிச்சுக்க மாட்டாரா?"

அவர் குடத்தை வாய்க்கால் தண்ணீரில் அலசிக்கொண்டே பழனி மலை இருக்கிற திசையைப் பார்த்தார்.

"கேட்ட பழம் கெடைக்கலைன்னு வீட்டை உட்டு வந்து மலையில நின்னவன்தானுங்க அவன். கேட்டது கெடைக்காத புள்ளையோட மனசு அவனுக்குத் தெரியாதுங்களா?"